பையன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று உட்கார்ந்த நான்கு மாதம்

என் மகன் பிளஸ் ஒன் காலாண்டுத் தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. காலையில் வயிற்றுவலி என்பான், பதினொரு மணிக்குச் சரியாகிவிடும். ராத்திரி மூன்று மணி வரை போன். எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம், நடவு வேலை ஓடிக்கொண்டிருந்த நேரம்.

முதலில் ஒரு தனியார் கவுன்சிலரிடம் போனோம். முக்கால் மணி நேரம் அவரே பேசினார், "அப்பா வெயிலில் உழைக்கிறார், நீ இப்படிப் பண்ணலாமா" என்று. திரும்பி வந்து ஒரு வாரம் பையன் வாயே திறக்கவில்லை. அதற்கு நாமே வீட்டில் திட்டியிருக்கலாம் என்று மனசு அடித்துக்கொண்டது.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி 14416-க்குப் போன் போட்டேன். 2022-ல் அரசு ஆரம்பித்த டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், காசில்லை, ராத்திரியிலும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். அவர்கள் சொல்லித்தான் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம்.

அங்கே கவுன்சலிங் செய்யும் மேடம் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து முதலில் ஒன்று சொன்னார். "தம்பி என்னிடம் சொல்வதை உங்களிடம் சொல்ல மாட்டேன். அவன் உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது அவனிடம் தப்பாக நடந்திருந்தாலோ மட்டும் மறைக்க முடியாது, அதையும் அவனுக்குத் தெரிந்துதான் செய்வேன்." பையன் அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தான்.

தனியாகப் பேசியபோது, சாகணும் என்று தோன்றியிருக்கிறதா என்று நேராகவே கேட்டிருக்கிறார். ஆமாம் என்றிருக்கிறான். எனக்குக் கை கால் ஓடவில்லை, இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடாதா என்று அழுதேன். கிளப்பாது அம்மா, யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் பிள்ளைகள் இருப்பார்கள் என்றார். அன்றைக்கே டாக்டரிடமும் காட்டினார். மோட்டார் கொட்டகையில் இருந்த பூச்சிமருந்து டப்பாக்களை எல்லாம் அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் கோணியில் கட்டி அவர் அண்ணன் வீட்டில் கொண்டுபோய்ப் பூட்டிவைத்தார்.

இரண்டாவது முறை போனபோது ஒரு தாளில் எங்கள் குடும்பத்தையே வரைந்தார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், தாத்தா பாட்டி வரைக்கும். யார் யாரோடு பேசுவார்கள் என்று கேட்டுக் கேட்டுக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். எல்லாக் கோடும் என் வட்டத்துக்கு வந்தது, அப்பா சதுரத்துக்கும் மகன் சதுரத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. "ஃபீஸ் கட்டியாச்சான்னு அப்பாகிட்ட கேளும்மா", "அவனைத் தூங்கச் சொல்லு" என்று இரண்டு பேருக்கும் நடுவில் பத்து வருஷமாக நான்தான் தபால்காரராக இருந்திருக்கிறேன், அதை நல்ல அம்மாவின் வேலை என்றே நினைத்துக்கொண்டு. மேடம் பையனுக்கு ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. எனக்குத்தான் வேலை கொடுத்தார், இனி சேதி சொல்லாதீர்கள் என்று. என் வீட்டுக்காரருக்கு, தினமும் பத்து நிமிஷம் படிப்பைத் தவிர வேறு எதையாவது மகனோடு பேச வேண்டும்.

முதல் நாள் அவர் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது, என்ன பேசுவது என்று நிஜமாகவே தெரியவில்லை. நாலாம் நாள் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை, "டார்ச் பிடிக்க வர்றியா" என்று கூப்பிட்டார். போனான். ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டு பேரும் சேறும் கிரீஸுமாக வந்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்கும் ஒரே நாளில் அனுப்பச் சொல்லவில்லை. முதலில் கேட் வரைக்கும் போய்த் திரும்புவது, பிறகு இரண்டு பீரியட், பிறகு மத்தியானம் வரை. கிளாஸ் டீச்சரிடம் பேசி ஏற்பாடு செய்தோம். நடுவில் ஒரு வாரம் மறுபடி படுத்துக்கொண்டான். அதுவும் நடக்கும், நாளைக்கு இரண்டு பீரியடிலிருந்தே தொடங்குங்கள் என்றார் மேடம்.

இப்போது பிளஸ் டூ. திங்கட்கிழமைகளில் இன்னும் முரண்டு பிடிக்கிறான், மாதம் ஒரு முறை மேடத்தைப் பார்க்கிறோம். போன வாரம் பஸ்ஸை விட்டுவிட்டான், அப்பாவே வண்டியில் கொண்டுபோய் விட்டார். வழியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.