சண்டே மார்க்கெட்ல சிக்குன ஒபினெல் 8: வாங்கினது சரிதான், அவசரப்பட்டதுதான் தப்பு

ஒபினெல் பிரான்ஸ் நாட்டு மரப்பிடி மடக்குக்கத்தி, 8ங்கிறது அளவு. என்னோட பழைய ஒபினெல்ல மூணு வாரமா நிக்காத பிளேடு ஆட்டம் நேத்து ராத்திரி நின்னுடுச்சு. திறந்து, பிடியோட தலையில இருக்குற பூட்டு வளையத்தைத் திருப்பினா பிளேடு ஒரு மயிரிழை கூட அசையல. இன்னும் கூர் வைக்கல, நுனியும் சரி பண்ணல, ஆனா இதை இப்பவே எழுதிடணும்னு தோணுது, ஏன்னா அந்த மூணு வாரமும் நான் பண்ண ஒரே ஒரு தப்பால போனது, மழைக்காலத்துல பழைய மடக்குக்கத்தி வாங்குற யாருக்கும் அது நடக்கலாம்.

பாண்டிச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட், நவம்பர், மழை விட்டு ஒரு மணி நேரம் கூட ஆகல. தார்ப்பாய்ல ஸ்பேனர், பூட்டு, பழைய குழாய் எல்லாத்துக்கும் நடுவுல ஒரு மரப்பிடி கிடந்துச்சு. அதோட வடிவத்தைப் பார்த்ததுமே நெஞ்சு அடிச்சுக்கிச்சு, இந்த ஊர்ல பிரெஞ்சுக்காரங்க இருந்த வீடு எதையாவது காலி பண்ணா இப்படி சாமான் அப்பப்ப இங்க வந்து சேரும். எடுத்து கட்டைவிரலால தேய்ச்சா கிரீடம் வச்ச கை முத்திரை லேசா தெரிஞ்சுச்சு. ஒபினெல் ஆரம்பிச்சது 1890, இந்தக் கை முத்திரை 1909ல வந்தது, அதனால முத்திரையை மட்டும் வச்சு வயசு சொல்ல முடியாது. வளையம்தான் சொல்லும். பூட்டுற வளையம் 1955ல வந்துச்சு, மூடின நிலையிலயும் பூட்டுற மாதிரி மாத்தினது 2000ல. இதுல வளையம் இருக்கு, ஆனா திறந்து வச்சாதான் பூட்டுது. அப்போ நடுவுல உள்ள 45 வருஷத்துல எதோ ஒண்ணு.

"எவ்வளவுண்ணே?"

"ஐநூறு குடு தம்பி. துருப்பிடிச்சு இறுகிக் கெடக்கு, எண்ணெய் விட்டா சரியாயிடும்."

உடனே காசை எடுக்கல. இந்த மாதிரி கத்தில நான் மொதல்ல துருவைப் பார்க்கவே மாட்டேன். துரு போயிடும், மரத்தையும் தேய்ச்சு எடுத்துடலாம், ஆனா சாணையில போன இரும்பு திரும்ப வராது. அன்னைக்கு என் இனாக்ஸ் 8 (துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் பிளேடு உள்ளது) பையில இருந்துச்சு, ரெண்டையும் முதுகோட முதுகு ஒட்டி வச்சுப் பார்த்தேன், நடு இடத்துல அகலம் 2 மில்லிமீட்டர் தேஞ்சிருக்கு. புதுசுல பிளேடு நீளம் 8.5 சென்டிமீட்டர், இதுல நுனி உடைஞ்சு 8.3. இது பரவாயில்ல. பாதி தேஞ்சு ஊசி மாதிரி ஆனதெல்லாம் பார்த்திருக்கேன், அதை 100 ரூபாய்க்குக் கொடுத்தாலும் வேணாம்.

அடுத்தது சூடு. மெஷின் சாணையில அழுத்திப் பிடிச்சிருந்தா விளிம்பு ஓரமா பழுப்பு, அதுக்கு அடுத்து நீலம்னு பட்டை பட்டையா நிறம் ஏறியிருக்கும். நீலம் வந்துச்சுன்னா அந்த இடம் 300 டிகிரி பக்கம் போயிருக்கு, பதம் போச்சு, எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்காது. மாங்கா நறுக்கி நறுக்கி வர்ற கருப்பும் நீலமும் வேற, அது மேகம் மாதிரி திட்டுத்திட்டா இருக்கும், ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போகாது. இதுல இருந்தது மேகம்தான். அந்தக் கருப்பு நல்லது, கார்பன் பிளேடுக்கு (ஸ்டெயின்லெஸ் இல்லாத, துருப்பிடிக்கிற எஃகு) அதுதான் போர்வை. சிவப்பு துருதான் தின்னும், அதுவும் கூர் ஓரத்துல குழியா விழுந்திருந்தா யோசிக்கணும். இங்க குழி எல்லாம் முதுகுப் பக்கம் மட்டும். இனாக்ஸ்னு எழுத்து இல்ல, இவ்வளவு கருத்திருக்கு, அதனால கார்பன்தான். காந்தத்தை வச்சு இதைக் கண்டுபிடிக்கலாம்னு சிலபேர் சொல்றாங்க, முடியாது, ஒபினெல் இனாக்ஸ்லயும் காந்தம் ஒட்டும்.

மரத்துல வளையத்துக்குக் கீழ விரிசல் இருக்கான்னு நகத்தை விட்டுப் பார்த்தேன், இல்ல. வளையத்தைத் திருப்பினா கொஞ்ச தூரத்துலயே இறுகுது, ரொம்பத் தேஞ்சிருந்தா அது பாட்டுக்கு சுத்திக்கிட்டே போகும். 350க்குப் பேசி வாங்கிட்டேன். பிரான்ஸ்ல 15 யூரோ பக்கத்துலயே புது கார்பன் 8 கிடைக்கும், அதனால இது லாபக் கணக்கு இல்ல. இவ்வளவு வருஷம் யாரோ ஒருத்தர் கையில தேஞ்ச பிடி, அதைக் குப்பைல விட மனசு வரல.

இப்போ அந்தத் தப்பு. வீட்டுக்கு வந்து மூடினதும், திரும்பத் திறக்க பிளேடு நகத்துக்கு வரவே இல்ல. பிடியோட அடிப்பக்கத்தைப் பலகைல ரெண்டு தட்டு தட்டினா பிளேடு தானா கொஞ்சம் வெளிய எட்டிப் பார்க்கும், ஒபினெல் பிறந்த பிரான்ஸ் சவோய் பக்கத்து ஊர்க்காரங்க பழக்கம் இது, வேலை செஞ்சுச்சு. ஆனா அவ்வளவு இறுக்கம் துருவாலன்னு அந்த அண்ணன் சொன்னதை நானும் நம்பிட்டேன். துருவே இல்ல. பீச் மரம் மழை ஈரத்துல ஊதி பிளேடை ரெண்டு பக்கமும் நெருக்கிப் பிடிச்சிருந்துச்சு. எனக்கு இது தெரியாம இல்ல, என் இனாக்ஸ் 8 ஒவ்வொரு ஐப்பசிலயும் இதேதான் பண்ணும், இருந்தும் புதுசா வாங்கின ஆர்வத்துல 220 உப்புத்தாளை மடிச்சு காடிக்குள்ள (பிளேடு மடங்கி உக்காருற பள்ளம்) விட்டு ரெண்டு பக்கமும் தேய்ச்சுத் தள்ளிட்டேன். சுகமா திறந்துச்சு, மூடுச்சு. அப்புறம் ஈரம் போகட்டும்னு பிடியை அரிசி டப்பால 10 நாள் போட்டு எடுத்தா பிளேடு இடதும் வலதுமா கடகடன்னு ஆடுது. மரம் காஞ்சு சுருங்கின இடமும் நான் தேய்ச்ச இடமும் சேர்ந்து இடைவெளி ஆயிடுச்சு. அன்னைக்கு ராத்திரி சரியா தூங்கல.

பிளேடையும் பிடியையும் சேர்த்துப் பிடிக்கிற ஆணியான ரிவெட்டை இறுக்குறதைத் தவிர வேற வழி இல்ல, அது வளையத்துக்கு அடியில ஒளிஞ்சிருக்கு. வளையத்தை ஸ்க்ரூடிரைவரால நெம்பாதீங்க, நெம்பி ஒரு கீறல் போட்டுட்டேன். வெளிப்பக்கம் விரியிற சர்க்ளிப் பிளேயர்தான் அதுக்கு, வளையத்துல இருக்குற பிளவோட ரெண்டு ஓரத்தையும் பிடிச்சு விரிச்சா அப்படியே மேல கழண்டு வருது. சின்ன நுனி உள்ளதா கேட்டு வாங்கணும், ஹார்டுவேர் கடைல மொதல்ல காட்டுறது எல்லாம் பைக் வேலைக்கான தடி நுனி.

மொதல் தடவை மரப்பலகை மேல வச்சு பால் பீன் சுத்தியலால (ஒரு பக்கம் உருண்டைத் தலை உள்ளது) தட்டினேன், 20 தட்டுக்கும் ஒண்ணும் ஆகல. அடி எல்லாம் பலகைக்குள்ளயே போயிடுது. தெரிஞ்ச லேத் பட்டறைல கெஞ்சி ஒரு சாண் தண்டவாளத் துண்டு வாங்கிட்டு வந்தேன். அதுமேல ரிவெட்டோட ஒரு தலையை உக்கார வச்சு, மேல் தலைல சின்னச் சின்னதா அஞ்சு தட்டு, திறந்து பார்க்கணும், திருப்பி வச்சு அஞ்சு தட்டு. சத்தமே மாறுது, டொக்குன்னு இருந்தது டிங்குன்னு வருது. ரெண்டாவது முயற்சில அதிகமா இறுகிப் போய் பிளேடு மாட்டிக்கிச்சு, எண்ணெய் விட்டுத் திறந்து மூடித் திறந்து மூடி ரெண்டு நாள் போச்சு, கடைசில பழைய ஆட்டத்துல முக்கால்வாசி திரும்பி வந்துடுச்சு. மூணாவதா நேத்து, கழுவிக் காயவச்ச பால் பாக்கெட் கவர்ல ரெண்டு துண்டு வெட்டி பிளேடோட ரெண்டு பக்கமும் காடில செருகி, அது இருக்கும்போதே தட்டி இறுக்கினேன். அப்புறம் துண்டை உருவினா அந்தக் கவர் கனத்துக்கு மட்டும் இடம் விட்டு நிக்குது. இதுதான் வேலை செஞ்சுச்சு.

இனிமே ஈரம் ஏறாம இருக்க பச்சை, அதாவது காய்ச்சாத, ஆளி விதை எண்ணெய்தான். கடைல பாயில்டுன்னு விக்கிறது வேண்டாம், சீக்கிரம் காயறதுக்கு அதுல உலோக உப்பு சேர்ப்பாங்க, பழம் நறுக்குற கத்திக்கு அது ஆகாது. தேங்காய் எண்ணெய் காயவே காயாது, நாள்பட்டா சிக்கு வாடையும் வரும். இப்போ பிடியோட தலைப்பக்கத்தை எண்ணெய்ல தலைகீழா ஊற வச்சிருக்கேன், இந்தக் காத்துல காய ஒரு வாரமாவது ஆகும்.

நுனியை முதுகுப் பக்கத்துல இருந்துதான் தேய்க்கப் போறேன். கூர்ப் பக்கம் தேய்ச்சா நுனி மேல ஏறிடும், மூடினாலும் காடிக்கு வெளிய நீட்டிக்கிட்டு பாக்கெட்டைக் கிழிக்கும். கையில அரம், பக்கத்துல தண்ணி டம்ளர், மெஷின் கிடையவே கிடையாது.

அதே அண்ணன்கிட்ட போன வாரம் ஒரு 12 பார்த்தேன், 12 சென்டிமீட்டர் பிளேடு, பிடில விரிசல். 600 சொல்றாரு. விரிசல் வளையத்துக்குள்ள போகுதா இல்லையான்னு அந்த இருட்டுல தெரியல. இந்த ஞாயிறு டார்ச் எடுத்துட்டுப் போறேன். கிடைச்சா பிடியைப் பூவரசு மரத்துல செய்யணும், மாமா வீட்டுக் கொல்லைல ரெண்டு வருஷமா காயுற கட்டை ஒண்ணு இருக்கு.