டி.சி.யும் வேன் ஃபீஸும்

மே 22, 2025, வியாழன்

இன்று மகள் படித்த தனியார் பள்ளிக்கு டி.சி., அதாவது மாற்றுச் சான்றிதழ், கேட்டுப் போனேன். அங்கே ஆறாம் வகுப்பு முடித்துவிட்டாள். ஏழாம் வகுப்புக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அரசுப் பள்ளியில் சேர்ப்பதென்று நானும் இவரும் பேசி முடிவு செய்தாயிற்று. ஆபீஸ் ரூம் மேடம் விண்ணப்பத்தைக் கையில்கூட வாங்கவில்லை. கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வேன் ஃபீஸ் ஒரு டெர்ம் பாக்கி இருக்கு மேடம். கட்டிட்டு வந்தீங்கன்னா உடனே போட்டுக் குடுத்துடுவோம்" என்றார்.

ஜனவரியிலேயே வேனை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். நகலில் அவர்கள் வைத்த சீல் பளிச்சென்று இருக்கிறது. அதை நீட்டினேன். "அது டிரான்ஸ்போர்ட்ல குடுத்தது மேடம். நாங்க அக்கவுண்ட்ஸ்." இரண்டும் ஒரே அறை, அடுத்தடுத்த மேசை.

கரஸ்பாண்டன்ட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். சார் ஊரில் இல்லையாம். அவருடைய கார் மட்டும் வாசலில் நின்றது.

மே 23, வெள்ளி

பாக்கியைக் கட்டித் தொலைத்துவிட்டு வாங்கி வா என்கிறார் அக்கா. கட்ட முடியாத தொகை இல்லைதான். ஏறாத வேனுக்கு எதற்குக் கட்ட வேண்டும்? அப்படியே பாக்கி இருந்தாலும் அது எனக்கும் பள்ளிக்கும் உள்ள கணக்கு. அதற்குப் பிள்ளையின் சான்றிதழைப் பிடித்து வைப்பது எந்த ஊர் நியாயம்?

ராத்திரி உட்கார்ந்து 2009 கல்வி உரிமைச் சட்டத்தைப் படித்தேன். ஐந்தாம் பிரிவு நமக்காகவே எழுதியது போல இருக்கிறது. பிள்ளை எந்தக் காரணத்துக்காகப் பள்ளி மாறினாலும், கடைசியாகப் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும். தாமதித்தால் அவர் மேல் பணி விதிகளின்படி நடவடிக்கை எடுக்கலாம். சான்றிதழ் வரத் தாமதம் என்று சொல்லிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. இந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். அதிலும் இந்தப் பிரிவு, அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறுகிற பிள்ளைகளுக்கானது. ஒரு தனியார் பள்ளியிலிருந்து இன்னொரு தனியார் பள்ளிக்குப் போகிறவர்கள் இதே வரியைக் காட்டி வாதாட முடியாது.

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று சொன்னதும் கிடைத்தது. டி.சி. என்பது கட்டண பாக்கியை வசூலிக்கிற கருவி அல்ல, அது பிள்ளையின் சொந்த ஆவணம். பாக்கி பற்றி அதில் எதையும் எழுதக் கூடாது. பணம் வர வேண்டுமென்றால் பெற்றோரிடம் சட்டப்படி வசூலித்துக்கொள்ளட்டும்.

மே 26, திங்கள்

ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். கோபத்தை எல்லாம் அடித்துவிட்டு, மகள் பெயர், வகுப்பு, விண்ணப்பம் கொடுக்கப் போன தேதி, சட்டப் பிரிவு, இவ்வளவுதான். நேரில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களாம், ஆனால் பெற்றதாகக் கையெழுத்துப் போட மாட்டார்களாம். சரி என்று தபால் நிலையம் போய் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தேன்.

மே 28, புதன்

அரசுப் பள்ளித் தலைமையாசிரியை, "டி.சி. அப்புறம் வரட்டும்மா, நீங்க பிள்ளையச் சேத்துடுங்க" என்றார். பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பார்த்துவிட்டுப் படிவத்தைக் கையில் கொடுத்தார். அவருடைய கவலை வேறு. கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் மகள் இன்னும் பழைய பள்ளியின் கணக்கில்தான் இருக்கிறாள். அவர்கள் காமன் பூலுக்கு, அதாவது பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு, விட்டால்தான் இவர்கள் எடுக்க முடியும். "இல்லன்னா கிளாஸ்ல உக்காந்திருப்பா, ஆப்ல இருக்க மாட்டா."

பேப்பரை மட்டும் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. மகள் போனாள், வந்தாள், பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணைப் பற்றி மூச்சு விடாமல் பேசினாள். ஒப்புகை அட்டையும் இன்றுதான் வந்தது. பள்ளி சீல், கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து.

ஜூன் 4, புதன்

பழைய பள்ளியிடமிருந்து பதில் இல்லை. தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்தேன். தபால் பிரிவில் இருந்தவர் ஒப்புகை அட்டையின் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை வச்சிருக்கீங்க பாருங்க, அதான் நல்லது. முக்காவாசிப் பேர் வாயாலயே சொல்லுவாங்க" என்று சொல்லி, என் பிரதியிலும் சீல் குத்தி எண் போட்டுத் தந்தார்.

ஜூன் 6, வெள்ளி

பள்ளியிலிருந்து போன். "டி.சி. ரெடியா இருக்கு மேடம், எப்ப வேணா வந்து வாங்கிக்கலாம்." குரலில் அப்படி ஒரு பணிவு.

ஜூன் 9, திங்கள்

வாங்கினவுடன் கிளம்பவில்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகப் படித்தேன். பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும் சரி. இனிஷியல் சரி. அங்க அடையாளத்தில் இடது முழங்கை மச்சம் வலது முழங்கைக்கு மாறியிருந்தது. குணமும் நடத்தையும்: நன்று. பள்ளிக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் முழுதும் செலுத்தப்பட்டதா என்ற கட்டத்தில்: "இல்லை. வேன் கட்டணம் நிலுவை."

எமகாதகர்கள். இதைக் கொடுக்கத்தான் அந்தப் பணிவு.

திரும்பப் போய் மேசையில் வைத்தேன். மேடத்துக்கும் பொறுமை போய்விட்டது. "கட்டம் இருக்கே மேடம், நான் என்னதான் எழுதுறது?" கேள்வி நியாயமானதுதான். படிவத்தில் இப்படி ஒரு கட்டத்தை வைத்துவிட்டு, நிரப்புகிற ஊழியர் மேல் பாய்ந்து என்ன பயன்? பாக்கி இல்லை என்று பொய் எழுதச் சொல்லவில்லை, கோடு போட்டு விடுங்கள் என்றேன். தீர்ப்புப் பற்றி வந்த செய்தியின் நகலையும் பக்கத்தில் வைத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஊரில் இல்லாத கரஸ்பாண்டன்ட்டின் குரல் கதவைத் தாண்டிக் கேட்டது.

வெகு நேரம் கழித்து வேறு பிரதி வந்தது. கட்டணக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. மச்சமும் இடது கைக்கு வந்துவிட்டது.

"எமிஸ்ல விட்டாச்சா?" என்று கேட்டேன். சாயங்காலத்துக்குள் விட்டுவிடுவார்களாம்.

ஜூன் 12, வியாழன்

சாயங்காலம் என்றால் எந்த நாள் சாயங்காலம் என்று கேட்டிருக்க வேண்டும் போல. நேற்றுவரை விடவில்லை. மனு எண்ணைச் சொல்லி கல்வி அலுவலகத்துக்கு இன்று காலை போன் போட்டேன். மதியம் வகுப்பாசிரியை கூப்பிட்டு, "வந்துட்டாம்மா, லிஸ்ட்ல பேரு ஏறிடுச்சு" என்றார்.

வேன் ஃபீஸ் தகராறு முடியவில்லை. தொகையைக் கேட்டுப் பள்ளி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள், அது போதும். ஜனவரி கடிதத்தின் நகலை இணைத்து நாளைக்குப் பதில் அனுப்ப வேண்டும், பதிவுத் தபாலில்.