சிதறால் மலையின் குரத்தியரும் பகவதியும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திற்கு அருகே உள்ள சிதறால் மலையைச் சமணர் குகை என்று சொல்வோரும் உண்டு, பகவதி கோயில் என்று சொல்வோரும் உண்டு. இரண்டு பெயரும் பொருந்தும். ஆயினும் கல்வெட்டுகளில் திருச்சாரணத்துமலை என வழங்கும் இந்த மலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர்கள், அங்கே பெயர் பொறித்துவிட்டுப் போன சமணப் பெண் ஆசிரியர்களான குரத்தியர்தாம்.

அடிவாரத்திலிருந்து கல் பாவிய பாதை மேலேறுகிறது. உச்சியில் பெரும்பாறை ஒன்று முன்னோக்கி நீண்டு இயற்கையாகவே கூரை அமைத்திருக்க, அதன் அடியில் தூண் மண்டபத்தையும் கருவறைகளையும் பிற்காலத்தில் எழுப்பியிருக்கிறார்கள். பாறையின் தலையில் சிதைந்த செங்கல் விமானம் நிற்கிறது. பக்கவாட்டுப் பாறை முகத்தில் முக்குடையின் கீழ் அமர்ந்த, சமணர் வணங்கும் குருமார்களான தீர்த்தங்கரர்களும், நாகம் குடை விரிக்க நிற்கும் பார்சுவநாதரும் புடைப்புச் சிற்பங்களாக உள்ளனர்.

அவற்றுள் என்னை நெடுநேரம் நிறுத்திவைப்பது அம்பிகையின் உருவம். நேமிநாதர் என்னும் தீர்த்தங்கரரின் இயக்கியான, அதாவது காவல் பெண் தெய்வமான அவளுடன் இரண்டு பிள்ளைகளும் ஒரு சிங்கமும் இருக்கின்றன. சமணத் துறவிக்கு உணவளித்ததற்காகக் கணவனின் சினத்துக்கு ஆளாகி, பிள்ளைகளோடு வீட்டை விட்டு வெளியேறிய பெண்ணே மறுபிறப்பில் இயக்கியானாள் என்றும், அந்தக் கணவன் அவளுக்குச் சிங்க ஊர்தியாகப் பிறந்தான் என்றும் சமண மரபு கூறுகிறது. ஒருவேளைச் சோற்றை மனமுவந்து கொடுத்த ஒருத்தியைத் தெய்வமாக்கி, தீர்த்தங்கரர்கள் வீற்றிருக்கும் அதே பாறையில் இடமளித்த மரபின் மீது எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு.

இப்பகுதியை ஆண்ட ஆய் குல மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, வட்டெழுத்து என்னும் பழைய எழுத்து முறையில் பொறித்த கல்வெட்டு ஒன்று இங்குள்ளது. அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கியான குணந்தாங்கி குரத்தி, இம்மலையின் பெண் தெய்வமான பட்டாரியாருக்குப் பொன் அணிகள் அளித்த செய்தியை அது சொல்கிறது. ஓர் ஆசிரியரிடம் பயின்று, தானும் ஆசிரியராக விளங்கி, தன் பெயரால் கொடை வழங்கிய பெண்ணை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பாறை நினைவில் வைத்திருக்கிறது. அவர் தனியொருவரும் அல்லர். தூத்துக்குடி மாவட்டக் கழுகுமலையின் சமணச் சிற்பங்களுக்குக் கீழே உள்ள வட்டெழுத்துப் பொறிப்புகளிலும் குரத்தியர் பலர் இடம்பெறுகின்றனர். இந்த மலையின் பெயரைத் தாங்கிய திருச்சாரணத்துக் குரத்தியாரும் அவர்களுள் ஒருவர். இரு மலைகளுக்கும் இடையே இருக்கும் தொலைவை எண்ணிப் பார்த்தால், பாண்டிய நாட்டுக்கும் ஆய் நாட்டுக்கும் இடையே இத்துறவியர் வழியாக நிலவிய தொடர்பு எத்துணை உறுதியாக இருந்தது என்பது விளங்கும்.

13-ஆம் நூற்றாண்டளவில் இவ்விடம் பகவதி கோயிலாக மாறியது என்பது பொதுவான கருத்து. இதனைப் பறிப்பு என்ற ஒற்றைச் சொல்லால் முடித்துவிட என் மனம் ஒப்பவில்லை. சமணம் இப்பகுதியில் தளர்ந்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் இன்றும் அதே பாறையில் இருக்கின்றன, பட்டாரியாருக்குப் பொன் கொடுத்த மலையில் பகவதிக்கு விளக்கேற்றியிருக்கிறார்கள். தெய்வத்தின் பெயரும் வழிபடும் முறையும் மாறினாலும், பெண் தெய்வத்தை நாடி மலையேறும் வழக்கம் தொடர்ந்ததே இந்த இடத்தைக் காத்தது என்று நான் கருதுகிறேன். குமரி, நெல்லைப் பகுதிகளில் கையில் பிள்ளையோடு ஊர்தோறும் நிற்கும் இசக்கியம்மனைச் சமண இயக்கியின் தொடர்ச்சியாகக் காணும் ஆய்வாளர்களும் உள்ளனர்.

இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சிதறாலுக்குச் செல்வோர் பெரும்பாலும் உச்சியிலிருந்து தெரியும் பசுமையைப் படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் குணந்தாங்கி குரத்தியின் பெயரையும் அறிந்து செல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதினேன்.