லிட்ஸ் வயர், பிவிசி கேங், 720 கிலோஹெர்ட்ஸ்: என் முதல் ரேடியோ பேசிவிட்டது

பேசிவிட்டது! ஒற்றை 1.5 வோல்ட் செல்லில் ஓடும், மூன்று கால் ஐசி ஒன்றை வைத்து நானே கட்டிய மீடியம் வேவ் ரேடியோவில் நேற்று ராத்திரி 720 கிலோஹெர்ட்ஸ், ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை ஏ நிலையம், சுத்தமாகக் கேட்டது. செய்தி வாசிப்பவர் தாளைப் புரட்டும் சத்தம் வரை காதில் விழுந்தது. நான் அக்கவுண்ட்ஸில் வேலை பார்ப்பவள். வீட்டில் ஃப்யூஸ் போனால்கூட எதிர்வீட்டு அண்ணனைத்தான் கூப்பிடுவேன். நாற்பத்தைந்து தாண்டியபிறகு என் கையால் ஒரு ரேடியோ பேசும் என்று நானே நினைத்ததில்லை. அதனால் இந்தப் பதிவில் பெருமை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

சர்க்யூட் உங்களுக்குத் தெரிந்ததுதான்: டிஏ7642 (TA7642, அந்த மூன்று கால் ஐசி), ஒரு லட்சம் ஓம் ரெசிஸ்டர், 0.01, 0.1 மைக்ரோஃபேரட் கண்டென்சர்கள், கடைசியில் இயர்போனுக்காக பிசி547 டிரான்சிஸ்டர் ஒன்று. போர்டு வேலை ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. மற்ற நாளையெல்லாம் காயில் தின்றது.

முதலில் ஃபெரைட் ராடில் (ரேடியோவுக்குள் ஆன்டெனாவாக இருக்கும் கறுப்புக் குச்சி) 30 கேஜ் எனாமல் வயரை நெருக்கமாகச் சுற்றினேன். நிலையம் வந்தது, ஆனால் போகவே மாட்டேன் என்றது. கேங்கை, அதாவது நிலையம் மாற்றத் திருப்பும் கண்டென்சரை (என்னுடையது பிளாஸ்டிக் தாள் வைத்த பிவிசி வகை), இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பினாலும் அதே குரல். நாங்கள் இருப்பது அம்பத்தூர். சென்னை ஏ-வின் ஆவடி டிரான்ஸ்மிட்டர் கூப்பிடு தூரம். அவ்வளவு பலமான சிக்னல் பக்கத்திலேயே இருந்தால் இந்த ஐசி திணறிவிடும். காயிலின் க்யூவும் (ஒரு நிலையத்தை மட்டும் கூர்மையாகப் பிரித்தெடுக்கும் திறன்) குறைவாக இருந்தால் நிலையம் டயல் முழுக்கப் பரவி உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மருந்து லிட்ஸ் வயர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதைச் சால்டர் செய்வது எப்படி என்பதைத்தான் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

லிட்ஸ் என்பது தலைமுடி கனத்தில் பல செப்பு இழைகள். ஒவ்வொன்றுக்கும் தனி எனாமல், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நூல் சுற்று. உயர் அதிர்வெண்ணில் மின்சாரம் கம்பியின் மேல்தோலில் மட்டும்தான் ஓடும். இழைகளாகப் பிரித்தால் தோல் பரப்பு கூடி, இழப்பு குறையும். ஆனால் முனையில் எல்லா இழையும் ஈயத்தில் பிடித்தால்தான் இந்தப் பலன். நாலைந்து இழை விட்டுப்போனாலும் க்யூ இறங்கிவிடும். மல்டிமீட்டரை நம்பாதீர்கள். ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தால் போதும், அது 'பீப்' என்று சொல்லிவிடும்.

பிளேடு வைத்துச் சுரண்டினால் இழைகள் அறுந்துவிடும். எனக்குக் கைகொடுத்த வழி இது. நூலை ஒரு சென்டிமீட்டர் பிரித்துவிட்டு, இழைகளை லேசாக விரித்து, பிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவ வேண்டும். அயர்னை 400 டிகிரிக்கு ஏற்றி, நுனியில் தாராளமாக ஒரு ஈயப் பொட்டு. அதற்குள் வயர் முனையை மெதுவாக நுழைத்து, எனாமல் கருகிப் புகை அடங்கும்வரை பொறுமையாகப் பிடித்திருந்து, பிறகு அதே நிதானத்தில் வெளியே இழுக்க வேண்டும். (ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்தப் புகை நல்லதல்ல.) அப்புறம் பூதக்கண்ணாடி. ஒவ்வொரு இழையின் நுனியும் வெள்ளியாக மின்னுகிறதா என்று பார்த்து, ஒன்று சிவப்பாகத் தெரிந்தாலும் வெட்டிவிட்டு மறுபடி ஆரம்பம். எனாமலில் பல வகை உண்டு, எல்லாம் சூட்டில் கருகாது. எனக்குக் கிடைத்தது கருகும் வகை.

அந்த வயரைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய ஒரு செத்த டிரான்சிஸ்டர் செட்டிலிருந்து உரித்தேன். பழைய ட்ரங்க் ரோட்டில் வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். ஓடாத செட்டாகப் பார்த்து வாங்குங்கள், விலை பாதிதான்; ராடு, காயில், கேங் மூன்றும் கிடைத்துவிடும். புது சாமானுக்கு ரிச்சி ஸ்ட்ரீட். ஐசியைக் கேட்டதும் கடைத் தம்பி, "என்னக்கா, பிள்ளைக்கு ஸ்கூல் ப்ராஜெக்டா?" என்றார். "எனக்குத்தான் தம்பி" என்றேன். உடனே ஸ்டூலை இழுத்துப் போட்டு, எந்தக் கால் எதற்கு என்று தாளில் வரைந்தே கொடுத்தார்.

மகள் எட்டாம் வகுப்பு. ஒரு கணக்கு தப்பினால் அந்தப் பக்கத்தையே கிழித்துப் போடுகிறவள். நான் சுற்றிய காயிலைப் பிரித்துத் திரும்பச் சுற்றுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தனை தடவைம்மா இதையே பண்ணுவ?" "சரியா வர்ற வரைக்கும்." அவ்வளவுதான் பேச்சு. இப்போது அவளும் நோட்டைத் தூக்கிக்கொண்டு இதே மேஜைக்கு வந்துவிடுகிறாள். போன வாரம் ஒரு முக்கோணக் கணக்கை அழித்து அழித்துப் போட்டதில் தாளே ஓட்டையாகிவிட்டது. பக்கத்தைக் கிழிக்கவில்லை. அடுத்த பக்கத்தில் அதே கணக்கைத் திரும்ப எழுதினாள். நான் தலையைத் தூக்கவில்லை, பார்த்தது தெரிந்தால் எழுந்து போய்விடுவாள். சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு.

லிட்ஸ் போட்டதும் டியூனிங் கூர்மையாகிவிட்டது. ஃபெரைட் ராடின் பக்கவாட்டில் வரும் சிக்னலைத்தான் காயில் நன்றாகப் பிடிக்கும், முனைப் பக்கம் மந்தம். ஆகவே முனையை ஆவடி பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தால் ஐசியின் திணறலும் அடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகும் ஒரு 'கொர்ர்' மிச்சம் இருந்தது. கரண்ட் போன ஒரு சாயங்காலம் அது சட்டென்று நின்றது. கரண்ட் வந்ததும் மகள் இயர்போனை என் காதில் மாட்டிவிட்டு, ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே வந்தாள். சமையலறை எல்இடி ட்யூப் லைட்டை அணைத்ததும் 'கொர்ர்' போயிற்று. கண்டுபிடித்தது அவள்தான்.

அடுத்து எல்எம்386 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐசி போட்டு ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். அதற்கு வோல்ட் கூடுதலாக வேண்டும். ஆனால் டிஏ7642-க்கு 1.5 வோல்ட்டுக்கு மேல் ஆகாது என்பதால் இரண்டு 1என்4148 டயோடுகளைத் தொடராக வைத்து 1.3 வோல்ட் எடுக்கப் போகிறேன். பெட்டி இன்னும் செய்யவில்லை, அதற்குள் மனசு ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கி, பொழுதுபோக்காக ரேடியோவில் பிறரோடு பேசுவது) பக்கம் ஓடிவிட்டது. இந்த ஊரில் 1924-லேயே ஆர்வலர்கள் சேர்ந்து மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கி ஒலிபரப்பியிருக்கிறார்கள். ஆல் இந்தியா ரேடியோ இங்கே வந்தது 1938-ல்தான். ஹாம் லைசென்ஸ் தேர்வு எழுத 12 வயது ஆகியிருந்தால் போதும். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்ற ஆரம்பநிலை லைசென்ஸுக்கு மோர்ஸும் (புள்ளி-கோடு தந்தி மொழி) வேண்டாம். நானும் மகளும் சேர்ந்தே எழுதுவதாக இருக்கிறோம். புத்தகத்தை அவள் படிக்க ஆரம்பித்துவிட்டாள், நான் இன்னும் ஓம் விதியில்தான் நிற்கிறேன்.

அம்பத்தூர், ஆவடி பக்கம் யாரிடமாவது பழைய ஏர் கேங் (தகடுகளுக்கு நடுவே காற்று மட்டும் இருக்கும் கேங்) சும்மா கிடந்தால் சொல்லுங்கள். விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.