புறநகரில் மனை பார்க்கிறீர்களா?

செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் மனை பார்ப்பவர்களுக்கு: 30 ஆண்டு வில்லங்கச் சான்று போட்டால் மட்டும் போதாது. அதில் பதிவான பத்திரங்கள்தான் வரும். பதியாத வாரிசுப் பங்கு வராது. தாய்ப்பத்திரத்தின் (மனையின் மூலப் பத்திரம்) அசலையும் வாரிசுச் சான்றையும் கேளுங்கள். சர்வே எண்ணைப் போட்டு அ-பதிவேட்டில் (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) புறம்போக்கா என்று பாருங்கள்.

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்று மட்டும் சொன்னால் நகர்ந்துவிடுங்கள். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் வேண்டும். 2016 அக்டோபர் 20-க்குள் பத்திரம் பதிவான, ஒப்புதல் இல்லாத பழைய மனை என்றால், அதை முறைப்படுத்திய வரன்முறை ஆணையைக் கேளுங்கள்.

பாதாளச் சாக்கடை பெரும்பாலும் இருக்காது. போர்வெல்லுக்கும் செப்டிக் டேங்குக்கும் 50 அடியாவது இடைவெளி நல்லது. 30-க்கு 40 மனையில் மூலைக்கு மூலையே 50 அடிதான்! பக்கத்து வீட்டு டேங்க் எங்கே என்றும் விசாரியுங்கள்.

முடிந்தால் கார்த்திகை மழையில் போங்கள். புரோக்கர் கூட்டிப்போவது சித்திரையில்தான். அப்போது ஏரி உள்வாயும் (தண்ணீர் தேங்கும் உட்பகுதி) மேடாகத்தான் தெரியும். அக்கம்பக்கத்துச் சுவரில் தண்ணீர்க் கறை எவ்வளவு உயரம் என்று பாருங்கள்.