எங்கள் தெருவுக்கு 20 மைல் வேண்டும்

கவுன்சிலிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எங்கள் குடியிருப்புத் தெருக்களில் வேக வரம்பை மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைக்கலாமா என்று கருத்துக் கேட்கிறார்கள். நேற்றிரவே "கட்டாயம் குறையுங்கள்" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மகளுக்கு ஆறு வயது. தெருவின் இரு பக்கமும் கார்கள் நிற்பதால், அவற்றுக்கு இடையே நின்று எட்டிப் பார்த்தால்தான் அவளுக்கு வண்டி தெரியும், வண்டிக்கு அவள் தெரிவாள். போன மாதம் அப்படி எட்டிப் பார்த்தபோது ஒரு வேன் சீறிக்கொண்டு போனது. அவளுடைய மழைக்கோட்டின் ஓரம் அந்தக் காற்றில் படபடத்தது. என் கையைப் பற்றிய விரல்கள் வீடு வரை தளரவே இல்லை.

பிரிட்டனின் சாலை விதி நூலில் உள்ள கணக்கு இது: 20 மைல் வேகத்தில் வரும் கார் முழுதாக நிற்க 12 மீட்டர். 30 மைல் என்றால் 23 மீட்டர்.

வேலைக்குத் தாமதமாகும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். இரவு வேலை செய்பவர், அவர் அவசரம் புரிகிறது. ஆனால் எங்கள் தெரு கால் மைல்தான். அதிகமாவது 15 விநாடி!

வேல்ஸில் 2023 செப்டம்பர் 17 முதல் குடியிருப்புத் தெருக்களுக்கு 20 மைல்தான் பொது வரம்பு. அங்கே பெரிய எதிர்ப்பும் எழுந்தது, மறைக்கவில்லை. வெறும் பலகை போதாது, வேகத்தடையும் வேண்டும் என்று சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். படிவம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு நிரப்ப உதவி வேண்டுமானால் சொல்லுங்கள், மாலையில் வருகிறேன்.