கொட்டியாரமும் குறூசோவும்

நம் கல்லூரியில் படித்த பலருக்கும் கையில் கிடைத்த முதல் ஆங்கில நாவல் 'றொபின்சன் குறூசோ'வாகத்தான் இருக்கும். கப்பல் உடைந்து தீவொன்றில் தனித்துப்போன ஒருவனின் கதையை மாணவர்களுக்காகச் சுருக்கிய மெல்லிய புத்தகம் அது. எங்களுக்கு அதைப் படிப்பித்த சேர் கதையை வேகமாகக் கொண்டுபோக மாட்டார். மணலில் ஒற்றைக் காலடி தெரியும் இடத்துக்குப் போக நாங்கள் அவசரப்படுவோம். அவரோ குறூசோ உடைந்த கப்பலிலிருந்து எதையெதை எடுத்து வந்தான் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வைப்பார். அரிசி, பாற்கட்டி, வற்றல் ஆட்டிறைச்சி, தச்சுப் பெட்டி, வெடிமருந்து. "இவன் கணக்குப் பார்க்கிற ஆள், அதைக் கவனியுங்கோ" என்பார்.

அவர் சொன்னதன் ஆழம், லண்டன் வந்து, நாவலை எழுதிய டானியல் டீபோவின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. டீபோ மெழுகுதிரி வணிகர் ஒருவரின் மகன். அரச திருச்சபையை ஏற்காத குடும்பம் என்பதால் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் கதவுகள் அவருக்குத் திறக்கவில்லை. காலுறை வியாபாரம் உட்படப் பல தொழில்கள் செய்து, 1692இல் 17,000 பவுண் கடனோடு வங்குரோத்தானார். அப்புறம் திருச்சபைக் கடும்போக்காளரைக் கிண்டல் செய்து எழுதிய பிரசுரத்துக்காக, 1703இல் மூன்று நாள் பொதுவிடத்தில் தண்டனைக் கட்டையில் நிறுத்தப்பட்டார். சிறையும் கண்டார். பின்னர் அரசாங்கத்தின் இரகசிய முகவராக ஸ்கொட்லாந்து போனார், ஒன்பது ஆண்டுகள் ஒரு பத்திரிகையை ஏறக்குறையத் தனியாளாகவே எழுதினார். 'குறூசோ' வெளிவந்த 1719 ஏப்ரலில் அவருக்கு அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது.

தீவில் தனித்துப்போன குறூசோ தன் நிலைமையின் தீமைகளை ஒரு பக்கமும் நன்மைகளை மறுபக்கமும் வரவு செலவு போல எழுதிப் பார்க்கிறானே, அதைக் கடனில் மூழ்கி எழுந்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும். மண்பானை ஒன்று சரியாக வர அவன் படும் பாடு பக்கக்கணக்கில் நீள்கிறது. சாதாரண மனிதனின் கைவேலையைக் கதையின் நடுவில் வைத்தது டீபோவின் பெரிய சாதனை என்பது என் எண்ணம். ஆங்கில நாவலின் தொடக்கமே இதுதான் என்று பலர் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை.

நம் ஊரவர் அறியவேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. குறூசோவுக்கு மாதிரி யார் என்று கேட்டால், பசிபிக் தீவொன்றில் நான்கு ஆண்டுக்கு மேல் தனித்திருந்த அலெக்சாண்டர் செல்கேர்க்கின் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கண்டியில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸின் கதையும் டீபோவின் மனதில் இருந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். வங்காள விரிகுடாப் புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற கப்பல், அதைத் திருத்திக்கொள்ள வந்து நின்றது திருகோணமலைப் பக்கத்து நம் கொட்டியாரக் குடாவில். 1660இல் கப்பல் தலைவரையும் மகன் நொக்ஸையும் இன்னும் சிலரையும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துப் போனார்கள். அடுத்த ஆண்டே தகப்பன் காய்ச்சலில் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகள் தொப்பி பின்னி விற்றும் ஆடு வளர்த்தும் காலம் தள்ளினார். தான் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து ஒரு ஆங்கில வேதாகமம் வாங்கினார். 1679இல் அநுராதபுரம் வழியாகத் தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அவருடைய இலங்கை வரலாறு 1681இல் லண்டனில் அச்சானது.

ஆடும் வேதாகமமும் தன் கையை நம்பிய பிழைப்பும் குறூசோவிடமும் இருக்கின்றன. இதற்கும் மேலே ஒரு சான்று உண்டு. 1720இல் வந்த 'கப்டன் சிங்கிள்டன்' நாவலில் டீபோ நொக்ஸின் சிறைக் கதையைப் பெயர் சொல்லியே சுருக்கித் தருகிறார். நொக்ஸ் பிடிபட்ட இடம் என்று மூதூரில் 1893இல் நாட்டிய நினைவுக்கல் ஒன்றும் உண்டு. விடுமுறைக்கு மூதூர் லோஞ்சில் போய்வந்த நம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம்!

ஒன்றை மறைக்கக் கூடாது. குறூசோவின் கப்பல் உடைந்தது அடிமைகளை வாங்க ஆபிரிக்காவுக்குப் போகும் வழியில். அதற்கு முன்பு தன்னோடு தப்பி வந்த சிறுவன் சூரியை அவன் விற்கிறான். தீவில் தன்னிடம் வந்துசேர்ந்த ஃபிரைடே என்பவனுக்கு முதலில் கற்றுக்கொடுக்கும் சொற்களில் ஒன்று 'எசமான்'. நம் சுருக்கப் பதிப்பில் இவை மெல்லியதாகவே வந்தன. இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விடவும் கூடாது.

லண்டனில் இருப்பவர்கள் ஓல்ட் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு அருகே உள்ள பன்ஹில் ஃபீல்ட்ஸ் இடுகாட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். 1731இல் இறந்த டீபோவுக்கு அங்கே 1870இல் தூண் எழுப்பியது பிள்ளைகள் சேர்த்த பணம்.

நம் பழைய மாணவர் சங்கம் கல்லூரி நூலகத்துக்கு அடுத்த முறை புத்தகப் பெட்டி அனுப்பும்போது சுருக்காத 'குறூசோ', 'கப்டன் சிங்கிள்டன்', நொக்ஸின் வரலாறு மூன்றும் அதில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விலையை நான் ஏற்கிறேன்.